ரொபியும் என் கலியாணமும்

மே 18

கனடாவில் இருக்கும் மச்சாள் நேற்றிரவு ஒரு வீடியோ அனுப்பியிருந்தாள். வெள்ளைக்காரச் சோடி ஒன்றின் கலியாணம். கழுத்தில் நாடா கட்டிய நாய் மோதிரப் பெட்டியோடு ஓடி வருகிறது, சபை கைதட்டுகிறது. 'உன்ரை ரொபியும் இப்பிடி வரட்டுமன்' என்று கீழே எழுதியிருந்தாள்.

ரொபி ஊர் நாய். மண் நிறம், ஒரு காது மட்டும் எழும்பாது. யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் எங்கள் ஒழுங்கை மதகுக்குக் கீழே மாரிமழையில் கிடந்த குட்டி. இப்போது கிணற்றடியும் மாமரத்தடியும் அவன் ஆட்சி. மோதிரப் பெட்டியைக் கொடுத்தால் பத்திரமாகத் தோட்டத்தில் புதைத்துவிட்டு வருவான்.

எங்கள் சடங்கில் மோதிரம் பெரிய விஷயமுமில்லை. தாலியும் கூறையும் தட்டில் வைத்துச் சபையோரிடம் ஆசி வாங்கப் போகும். அந்தத் தட்டுக்குக் கிட்ட நாய் வந்தால் பெரியப்பா சாப்பிடாமலே எழும்பிப் போய்விடுவார். இருந்தாலும் ஆசை விடவில்லை. மண்டபக்காரருக்குப் போன் எடுத்துக் கேட்டேன். "பிள்ளை, சமையல் நடக்கிற இடம். ஏலாது" என்றார். அவர் சொன்னது நியாயம்தான்.

மே 21

நாள் வைத்த ஐயரிடமும் கேட்டேன். சிரித்தார். "வைரவற்றை வாகனமெல்லோ, குற்றமில்லை. ஆனா ஓமத்துக்குப் பக்கத்திலை வேண்டாம். எனக்கு நாயெண்டால் பயம்."

யாழ்ப்பாணத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு வைரவர் கோயில். சூலத்துக்கு வடைமாலை சாத்துகிற சனம்தான், வாசலில் படுத்திருக்கிற அவருடைய வாகனத்துக்குக் கல்லும் எறியும். இதை ஐயரிடம் சொல்லவில்லை. நாள் வைத்துத் தந்தவரோடு எதற்கு வாதம்?

இரவு யோசித்ததில் ஒன்று தெளிந்தது. மண்டபக்காரர் ஓம் என்றிருந்தாலும் ரொபியை அங்கே கொண்டுபோகக் கூடாது. மனிதருக்கு 20,000 ஹேர்ட்ஸ் வரைதான் கேட்கும், நாய்க்கு 45,000 வரை கேட்கும். மெல்லிய சத்தமும் அதற்குப் பெரிது. தவிலுக்குப் பக்கத்துக் கதிரையில் என்னாலேயே இருக்க முடியாது, இதில் மாப்பிள்ளை வந்து இறங்கும்போது சீனவெடி வேறு. வருசப்பிறப்பு வெடிக்கே அவன் கட்டிலுக்குக் கீழே போய்ப் படுத்தால் மத்தியானம்தான் வருவான்.

ஆனால் எங்கள் கலியாணத்தில் பாதி வீட்டில்தானே நடக்கிறது? கன்னிக்கால், பலகாரச் சூடு, பால் அறுகு, ஆராத்தி. அந்தப் பாதி அவனுக்கு. இவரிடம், என்னைக் கட்டப் போகிறவரிடம், சொன்னபோது, "சீதனத்திலை நாயும் சேத்தியோ?" என்று கேட்டார். கலியாணத்துக்குப் பிறகு இவர்தான் எங்கள் வீட்டுக்கு வந்து இருக்கப் போகிறார். உண்மையில் ரொபிதான் இவரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மே 26

மிருக வைத்தியரிடம் போனோம். விசர்நாய்த் தடுப்பூசி வருசா வருசம் போடுவது, இந்த முறை தவணைக்கு முன்பே போட்டாயிற்று. கலியாண வீட்டில் சின்னப் பிள்ளைகள் வாலை இழுக்கும். ஒரு பல் பட்டாலும் தடுப்பூசி அட்டையைத்தான் முதலில் கேட்பார்கள்.

அன்றைக்கு நித்திரைக் குளிசை கொடுத்துப் படுக்கவைக்கலாம் என்று சித்தி சொன்னதையும் கேட்டேன். வைத்தியர் தலையை ஆட்டினார். அப்படிக் கொடுப்பதென்றாலும் நிறை பார்த்து, முதலே ஒரு நாள் கொடுத்துப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டுமாம். சனம் கூடுகிற நாளில் முதன்முதலாகக் கொடுக்கக் கூடாதாம். "அவனுக்குத் தெரிஞ்ச ஆள் ஒருவர் கூட இருந்தால் காணும்" என்றார்.

அங்கேதான் சிக்கல். தம்பி மாப்பிள்ளைத் தோழன், மாப்பிள்ளையின் கால் கழுவ வேண்டும். அப்பா, அம்மா மணவறையை விட்டு அசைய முடியாது. பக்கத்து வீட்டு அப்பு தானாகவே சொன்னார்: "நான் மண்டபத்துக்கு வந்தாலும் கதிரையிலை நித்திரைதான். இவனோடையே இருக்கிறன். சாப்பாட்டை மட்டும் மறக்காமல் அனுப்பிவிடுங்கோ." ரொபிக்குக் காலையில் பாண் கரையைப் போடுகிற கை அது. வேறு யாரைத் தேடுவது?

யூன் 2

இன்றைக்கு மாப்பிள்ளை வீட்டில் பொன்னுருக்கு, தாலிக்குப் பொன் உருக்குகிற சடங்கு. இங்கே கன்னிக்கால். முள்முருக்கங் கொப்பை ஊன்றி, மஞ்சள் துணியில் காசு முடிந்து கட்டி, நவதானியம் போட்டு, பாலும் தண்ணீரும் ஊற்றினார்கள். முற்றத்தில் புதிதாக ஒரு கால் நட்டால் நாய் என்ன செய்யும் என்று யாரும் யோசிக்கவில்லை, தம்பியைத் தவிர. பெண்கள் நகர்ந்ததும் ரொபி எழும்பினான். மணந்தான். ஒரு சுற்று வந்தான். தம்பி பாய்ந்து தூக்கிக்கொண்டு ஓடினான். இப்போது கன்னிக்காலைச் சுற்றிக் கிடுகு வேலி. வருகிறவர்கள் எல்லோரும் இது என்ன புதுமுறை என்று கேட்கிறார்கள்.

பின்னேரம் பலகாரச் சூடு. அரியதரச் சட்டிக்கு எட்டத்தில் அவனைக் கட்டினோம். பெரியம்மாவுக்கு ஒரே சட்டம்தான் போட்டேன்: பிளம்ஸ் போட்ட எதையும் அவனுக்குப் போடக் கூடாது. முந்திரிகையும், அதுதான் திராட்சை, அதன் வற்றலான பிளம்ஸும் நாயின் சிறுநீரகத்தைப் பழுதாக்கும். வெங்காயமும் கூடாது, சொக்கிளேற்றும் கூடாது. கலியாணக் கேக் பெட்டிகளை அலுமாரியில் வைத்துப் பூட்டியாயிற்று. "எங்கடை காலத்து நாயள் எல்லாம் திண்டுதுகள்" என்றார் பெரியம்மா. எத்தனை செத்தன என்று யார் எழுதிவைத்தார்கள்?

யூன் 3

படம் பிடிக்கிறவர் ரொபிக்குப் பட்டுச் சால்வை தைக்கட்டாம். இந்தச் சூட்டிலா? நாய்க்கு எங்களைப்போல உடம்பெல்லாம் வியர்க்காது, நாக்கைத் தொங்கவிட்டு இளைத்துத்தான் சூட்டை இறக்கும். கூறைக் கரையின் நிறத்தில் ஒரு கழுத்துப்பட்டி போதும்.

சாப்பிட்டபின் அம்மாவிடம், அப்பு பாவம், ஒரு மணித்தியாலம் ரொபியைத் தனிய விட்டால் என்ன என்று கேட்டேன். "வேண்டாம்" என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார். 1995 ஒக்டோபர் 30 இரவு, போரில் வலிகாமத்துச் சனமே ஊரை விட்டு வெளிக்கிட்டபோது, அவர்களுடைய நாய் செம்மணி வரை கூடவே வந்ததாம். மழை, இருட்டு, சனநெருக்கம். நாவற்குழிப் பாலத்துக்கு வந்து பார்த்தபோது இல்லை. திரும்பிப் போய்த் தேட வழியில்லை. அதன் பெயரைக் கேட்டேன். சொல்லவில்லை, நகைப் பெட்டியை எடுத்துவரச் சொன்னார்.

யூன் 5

இரவு பதினொரு மணி. கொண்டையில் குத்திய ஊசிகளைக் கழற்றிக்கொண்டே எழுதுகிறேன்.

விடியப் பால் அறுகு. முற்றத்துப் பலகையில் நான், காலடியில் ரொபி. ஒவ்வொருவராக வந்து அறுகைப் பாலில் தோய்த்து என் தலையில் வைத்தார்கள். நாய்க்கும் அறுகம்புல்லுக்கும் உள்ள சொந்தம் ஊரறிந்தது. தலையிலிருந்து வழுக்கி மடியில் விழுந்த ஒவ்வொரு புல்லையும் முன்பல்லால் நோகாமல் கவ்வி எடுத்தான். மாமி கடைசியாக வைக்க வந்தபோது அவன் கிண்ணத்துக்குள்ளேயே வாயை விட்டிருந்தான். மாமி சிரித்துவிட்டு மிச்சம் இருந்த புல்லை வைத்தார். பெரியப்பா அந்த நேரம் வீதிப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். அது அவருடைய பெருந்தன்மை.

தோய்ந்து, கூறைக்கு முந்திய சேலை உடுத்து, நெற்றிப்பட்டம், ஒட்டியாணம், பூ எல்லாம் வைத்து வெளியே வந்தேன். குரைத்தான்! யாரோ அந்நியப் பொம்பிளை வீட்டுக்குள்ளிருந்து வருகிறாள் என்ற குரைப்பு. "டேய், நான்தான்" என்றதும் காதைத் தாழ்த்திக்கொண்டு வந்து கையை மணந்தான். சந்தனத்துக்கும் சென்ற்றுக்கும் அடியில் என்னைத் தேடிப் பிடிக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. பிறகு ட்ரோன் எழும்பியது, என்னை விட்டுவிட்டு அதைத் துரத்தப் போனான்.

மண்டபத்தில் எல்லாம் நடந்தது. தாலி ஏறும்போது கெட்டிமேளத்தில் என் காதே அடைத்தது. அப்பு போனில், "வடை திண்டிட்டுப் படுத்திருக்கிறான்" என்றார். வடையில் வெங்காயமா என்று கேட்டேன். "எனக்குத்தான் வடை, அவனுக்குச் சோறு" என்று கோபித்தார்.

பின்னேரம் கால்மாறி, அதாவது புதுச்சோடியாக வீடு மாறி, எங்கள் வீட்டுக்கு வந்தோம். படலையில் வெடி கொளுத்தச் சின்னமாமா நின்றார். விடவில்லை. அவருக்கு மனவருத்தம்தான், நாளைக்குச் சரியாகிவிடும். ஆராத்தி முடிந்ததும் ரொபி இவருடைய பட்டுவேட்டியைக் கீழிருந்து மேலாக மணந்து, ஓமப்புகை ஏறி இரண்டு தும்மல் போட்டு, அதன் பிறகே வாலை ஆட்டினான்.

யூன் 8

நாலாம் சடங்கு. ஆட்டிறைச்சி. அவித்த எலும்பு உடைந்து தொண்டையில் குத்தும் என்று வந்தவர்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. இவர் தன் தட்டில் இருந்த இறைச்சியைக் குழம்பு போகக் கழுவிக் கிணற்றடிக்குக் கொண்டுபோனார். நான் சொல்லவேயில்லை.

படங்கள் வந்துவிட்டன. வாயில் அறுகு தொங்க ரொபி என் மடியைப் பார்க்கிற படத்தைப் பெரிதாக்கி விறாந்தையில் மாட்டப் போகிறாராம் அம்மா. பெரியப்பாவுக்குக் கொடுக்கும் அல்பத்தில் மட்டும் அது வேண்டாமாம்.