டிஷ்ஷைத் தானே திருப்பும் பெட்டி: இதுவரை நடந்தது

மேலே ஒருவர் ஸ்பேனரோடு நிற்க, கீழே டிவி முன்னால் இன்னொருவர் உட்கார்ந்து "வந்துச்சு, வந்துச்சு, போச்சு, ஐயோ தாண்டிட்ட" என்று கத்துகிற அந்த வேலையை ஒரு தடவையாவது செய்தவர்களுக்கு இந்தப் பெட்டியை நான் ஏன் செய்ய ஆரம்பித்தேன் என்று விளக்கத் தேவையில்லை. கம்பத்தில் மாட்டிய டிஷ்ஷின் பின்னால் கவ்விக்கொண்டு, இரண்டு மோட்டாரால் அதை மெல்லத் தள்ளித் திருப்பி, சிக்னல் உச்சம் வந்ததும் நிறுத்த வேண்டும். நட்டுகளை இறுக்கியதும் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொள்ளலாம். டிஷ்ஷோடு நிரந்தரமாகக் கிடக்கிற மோட்டார் இல்லை இது, வேலை முடிந்ததும் வீட்டுக்கு வந்துவிடும் கருவி.

முதலில் சோம்பேறித்தனமாக, கடையில் கிடைக்கும் டைசெக் மோட்டார் (ரிசீவரின் கட்டளைக்கு டிஷ்ஷைத் திருப்புவது) ஒன்றையே மாற்றி வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். கோஆக்சியல் கேபிள் வழியாகவே 22 கிலோஹெர்ட்ஸ் துடிப்புகளில் கட்டளை போகும், தனி வயர் வேண்டாம், ஒரே அச்சில் சுற்றி வானத்தில் இருக்கும் செயற்கைக்கோள் வளைவு முழுவதையும் தொடும். அழகான ஏற்பாடுதான். ஆனால் கம்பம் நூல் பிடித்த மாதிரி செங்குத்தாக நின்றால்தான் அந்த வளைவு சரியாக விழும். எங்கேயோ கொண்டுபோய் முக்காலி மேல் நிறுத்துகிற வேலைக்கு அது ஒத்துவராது. ஆகவே திசைக்கோணத்துக்கு (இட வலமாகத் திருப்ப) ஒன்று, ஏற்றக்கோணத்துக்கு (மேலும் கீழும் சாய்க்க) ஒன்று என்று இரண்டு மோட்டார்.

கணக்கு சுலபம். தொலைக்காட்சிச் செயற்கைக்கோள்கள் நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் பூமியோடு சேர்ந்தே சுற்றுகின்றன. நாம் நிற்கும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை, செயற்கைக்கோளின் தீர்க்கரேகை மூன்றும் தெரிந்தால் இரண்டு கோணமும் நாலு வரி நிரலில் வந்துவிடும். ஜிபிஎஸ் சில்லு இடத்தைச் சொல்லிவிடுகிறது. ஒரு நாள் மாலையிலேயே இது முடிந்தது, "அவ்வளவுதானா" என்று இறுமாப்பாகக்கூட இருந்தது. அந்த இறுமாப்பு ஒரு வாரம் தாங்கியது.

ஏற்றக்கோணத்துக்கு ஒரு ஸ்டெப்பர் மோட்டாரும் (சிறு சிறு படியாகச் சுழலும் மோட்டார்) திருகுத்தண்டும் போட்டேன். கையில் கிடந்த தண்டு ஒரு சுற்றுக்கு 8 மில்லிமீட்டர் நகர்வது. வேகமாக நகர்கிறதே என்று சந்தோஷப்பட்டேன். டிஷ் மேலே போனது, நின்றது, பேட்டரியை மிச்சம் பிடிக்கலாம் என்று மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தை நிறுத்தினேன். வகுப்பில் தூங்கி வழியும் பையன் மாதிரி டிஷ் மெதுவாகத் தலையைக் கவிழ்த்தது. புரி அவ்வளவு சரிவாக இருந்தால் எடை தண்டைத் திருப்பிச் சுற்றிவிடும். ஒரு சுற்றுக்கு 2 மில்லிமீட்டர் நகரும் ஒற்றைப் புரித் தண்டுக்கு மாறினேன், மோட்டார் செத்தாலும் இப்போது டிஷ் அசையாது. வேகம் கால்வாசி ஆகிவிட்டது, பரவாயில்லை.

கோணத்தை அளக்க டிஷ்ஷின் முதுகிலேயே ஒரு எம்பியு6050 சில்லு, புவியீர்ப்பை வைத்துச் சாய்வைச் சொல்வது. அதைக் கருவியின் அடிப்பாகத்தில் வைக்காதீர்கள். கம்பம் லேசாகச் சாய்ந்திருந்தால் டிஷ் இட வலமாகத் திரும்பும்போது ஏற்றக்கோணமும் கூடவே மாறும், அடிப்பாகத்தில் இருக்கும் சில்லுக்கு அது தெரியவே தெரியாது. இன்னொன்று, நம் வீட்டு டிஷ்கள் பெரும்பாலும் ஆஃப்செட் வகை, அவை பார்க்கிற திசை வேறு, முகம் காட்டுகிற திசை வேறு. எவ்வளவு வேறு என்பதை டேப் வைத்தே கண்டுபிடிக்கலாம். என்னுடையது அகலம் 60, உயரம் 65 சென்டிமீட்டர். அகலத்தை உயரத்தால் வகுத்து, அந்த எண்ணைக் கொசைனாகக் கொண்ட கோணத்தைப் பார்த்தால் சுமார் 22.6 டிகிரி. டிஷ் நட்டமாக நின்றாலே அது வானத்தில் 22.6 டிகிரி உயரத்தைப் பார்க்கிறது என்று அர்த்தம். அதைவிடத் தாழ்வான செயற்கைக்கோள் என்றால் டிஷ் தரையைப் பார்ப்பதுபோல் குனிந்து நிற்கும், பார்ப்பவர்கள் "தப்பா மாட்டிருக்க" என்பார்கள், கண்டுகொள்ள வேண்டாம்.

ஆக ஏற்றக்கோணத்தை நம்பலாம், புவியீர்ப்பு பொய் சொல்லாது. திசைக்கோணம்தான் தலைவலி. காந்தத் திசைகாட்டிச் சில்லை வைத்தேன். இரும்புக் கம்பம், பக்கத்திலேயே ஸ்டெப்பர் மோட்டார், அதற்குள் நிரந்தரக் காந்தம், கேட்கவா வேண்டும்? ஒரே இடத்தில் நிற்கும் டிஷ்ஷுக்கு 25 டிகிரி வித்தியாசத்தில் இரண்டு திசை காட்டியது. கடைசியில் அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டுச் சூரியனிடம் போனேன். இன்றைக்கு எத்தனை மணிக்குச் சூரியன் என் செயற்கைக்கோளின் திசைக்கோணத்துக்கு வரும் என்பதை நிரல் கணக்கிட்டுச் சொல்லும். அந்த நிமிடம் கம்பத்தின் நிழல் எந்தப் பக்கம் விழுகிறதோ அதற்கு நேர் எதிரே டிஷ்ஷைக் கையால் திருப்பி வைக்கிறேன். இரண்டு மூன்று டிகிரிக்குள் வந்துவிடுகிறது. மேகம் இருந்தால் கதை கந்தல், அன்றைக்குக் கைப்பேசியைக் கம்பத்திலிருந்து பத்தடி தள்ளி நின்று பிடித்துத் திசை பார்ப்பதுதான் வழி, காந்த விலக்கத்தை (காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் உள்ள வித்தியாசம்) சேர்க்க மறக்கக்கூடாது.

சிக்னல் அளக்கிற பகுதி. டிஷ் குவிக்கும் சிக்னலை வாங்கும் எல்என்பியிலிருந்து அது 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸ் வரை வருகிறது. அதை ஒரு ஏடி8318 சில்லில் விட்டால் மொத்த ஆற்றலுக்கு ஏற்ப மின்னழுத்தம் தரும். சிக்னல் கூடினால் அழுத்தம் குறையும், ஒரு டெசிபலுக்கு ஏறக்குறைய 25 மில்லிவோல்ட். இந்தத் தலைகீழ் விவகாரத்தைக் கவனிக்காமல் எழுதிய முதல் நிரல் மிகுந்த அக்கறையோடு வானத்தில் ஒன்றுமே இல்லாத இடத்தைத் தேடிக் கண்டுபிடித்து நின்றது. (இடையில் கேபிள் முனையில் போடும் எஃப் கனெக்டருக்குள், கேபிளின் வெளிப் பின்னலின் ஒரு மயிரிழைக் கம்பி நடுக் கம்பியைத் தொட்டு, எல்என்பிக்கு 18 வோல்ட் தரும் சர்க்யூட் புகைந்துபோனதும் உண்டு. கனெக்டர் போட்டதும் மீட்டர் வைத்து ஷார்ட் இருக்கிறதா என்று பார்க்கும் பழக்கம் அன்றைக்கு வந்தது.)

அந்தத் தலைகீழைத் திருத்திய பிறகு கருவி சுவரைப் பிடித்தது. ஆமாம், சுவரை. அறை வெப்பத்தில் இருக்கிற எந்தப் பொருளும், சுவர், மரம், தரை எல்லாமே, குளிர்ந்த வெற்று வானத்தைவிட அதிக இரைச்சலை அந்த அலைவரிசையில் வெளியிடுகின்றன. என் அளவீட்டில் வானத்துக்கும் சுவருக்கும் 5 டெசிபலுக்கு மேல் வித்தியாசம். செயற்கைக்கோளுக்குக் கிடைத்ததும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். வெறும் ஆற்றலை மட்டும் பார்க்கும் மலிவான சாட் ஃபைண்டர்கள் (செயற்கைக்கோள் தேடும் மீட்டர்கள்) கண்ட இடத்தில் கீச்சிடுவதற்கு இதுவும் ஒரு காரணம். வித்தியாசம் அகலத்தில் இருக்கிறது. 60 சென்டிமீட்டர் டிஷ்ஷின் கற்றை, அதாவது அது ஒரே நேரத்தில் பார்க்கும் வானத் துண்டு, 12 கிகாஹெர்ட்ஸில் சுமார் 3 டிகிரி அகலம், ஆகவே செயற்கைக்கோள் ஒரு குறுகலான முகடாக வந்து போகும், சுவர் மேடைபோல நீண்டு கிடக்கும். முகடு 4 டிகிரிக்கு மேல் அகலமாக இருந்தால் தள்ளிவிடு என்று ஒரே ஒரு வரி எழுதினேன், சுவர்த் தொல்லை ஒழிந்தது.

இனிதான் என்னை நாலு நாள் பாடாய்ப் படுத்திய சமாச்சாரம்.

ஏற்றக்கோணத்தை நிறுத்தி வைத்து, டிஷ்ஷை மோட்டாரால் இடமிருந்து வலமாக ஒரு வீச்சு திருப்பினால் முகடு ஒரு இடத்தில் தெரிகிறது. வலமிருந்து இடமாக வீசினால் வேறு இடத்தில். வித்தியாசம் 1.6 டிகிரி. செயற்கைக்கோள் நகரவில்லை, ஆக நான்தான் ஏமாறுகிறேன். திசைக்கோணத்தைத் திருப்பும் வார்ம் கியரில் (திருகு ஒன்று பல்சக்கரத்தைச் சுற்றும் அமைப்பு) ஆட்டம் இருக்கிறது என்பது உடனே தோன்றியது. டிஷ்ஷின் கைக்கம்பியில் ஒரு லேசர் விளக்கைக் கட்டி, 5 மீட்டர் தள்ளி இருந்த சுவரில் புள்ளியைப் பார்த்தபடி கையால் ஆட்டினேன். புள்ளி 7 சென்டிமீட்டர் போய் வந்தது, அது 0.8 டிகிரி. என் மோட்டாருக்குச் சுற்றுக்கு 200 படி, கியர் 60க்கு 1, ஒரு படிக்கு 0.03 டிகிரி என்று காகிதத்தில் பெருமையாக எழுதி வைத்திருந்தேன். அந்தத் துல்லியத்தை மொத்தமாக விழுங்கிவிட்டது இந்த ஆட்டம்.

ஒரு ரப்பர் பட்டையை இழுத்துக் கட்டி, கியரின் பல் எப்போதும் ஒரே பக்கம் ஒட்டியிருக்கும்படி செய்தேன். ஏற்றக்கோணத்தில் ஏன் இந்தப் பிரச்சினை வரவில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது, டிஷ்ஷின் எடையே அங்கே அந்த ரப்பர் பட்டை. சரி, மறுபடி வீசினேன். வித்தியாசம் 0.8 டிகிரி. பாதி போய்விட்டது, மீதி பாதி அப்படியே நிற்கிறது. லேசர் புள்ளியோ இப்போது ஆடவே இல்லை. பட்டையை இன்னும் இறுக்கினேன், ஸ்க்ரூக்களை இறுக்கினேன், கம்பத்தின் கவ்வியைக் குற்றம் சொன்னேன், அதற்கடியில் தகரத்தை மடித்துச் செருகினேன். 0.8, 0.8, 0.8.

விடை தற்செயலாக வந்தது. பேட்டரி இறங்கிக்கொண்டிருந்ததால் வேகத்தை விநாடிக்கு 5 டிகிரியிலிருந்து இரண்டரையாகக் குறைத்து ஓட்டினேன், வித்தியாசம் 0.4 ஆனது. இரும்பில் இருக்கும் ஆட்டத்துக்கு வேகம் தெரியாது, மெதுவாகப் போனாலும் வேகமாகப் போனாலும் அது ஒரே அளவுதான். வேகத்தோடு சேர்ந்து குறைகிறது என்றால் எங்கேயோ நேரம் தாமதமாகிறது. பார்த்தால், இரைச்சலைத் தணிக்க நானே எழுதி மறந்துபோன சராசரி! பத்து மில்லிவிநாடிக்கு ஒன்றாக 16 அளவீடுகளைக் கூட்டி வகுக்கிறது, அதாவது காட்டுகிற எண் ஏறக்குறைய 80 மில்லிவிநாடிப் பழசு. விநாடிக்கு 5 டிகிரி வேகத்தில் அது 0.4 டிகிரி, இரண்டு பக்கமும் சேர்த்தால் 0.8. இரும்பைத் திருகிக்கொண்டிருந்த நாலு நாளும் குற்றவாளி நிரலுக்குள் உட்கார்ந்திருந்தான். ஒவ்வொரு அளவீட்டோடும் அந்த நேரத்துக் கோணத்தையும் சேமித்து, சராசரியைப் பிறகு இரண்டு பக்கமும் சமமாக எடுக்கும்படி மாற்றினேன். வித்தியாசம் 0.1க்குக் கீழே வந்தது.

உச்சியைப் பிடிக்கும் விதத்தையும் அப்போதே மாற்றினேன். கற்றையின் உச்சி தட்டையானது. 3 டிகிரிக் கற்றையில் 0.3 டிகிரி விலகினாலும் இழப்பு 0.1 டெசிபல் சொச்சம்தான், இரைச்சலில் அது தெரியவே தெரியாது. அதனால் "எங்கே அதிகம்" என்று தேடும் நிரல் உச்சிமேல் குடிகாரன் மாதிரி தள்ளாடும். பக்கச் சரிவில் அப்படியில்லை, அங்கே 0.1 டிகிரிக்கே 0.4 டெசிபல் அளவுக்கு இறங்கும். ஆகவே இப்போது உச்சியையே பார்ப்பதில்லை. இடச் சரிவில் இவ்வளவு இறங்கிய இடம் எது, வலச் சரிவில் அதே அளவு இறங்கிய இடம் எது, இரண்டுக்கும் நடு எது, அங்கே போய் நில். பத்து தடவை ஓட்டினால் பத்தும் ஒரே இடத்தில் விழுகிறது.

பிடித்தது எந்தச் செயற்கைக்கோள் என்பது அடுத்த கேள்வி, ஏனென்றால் வானத்தில் அதன் பக்கத்து வீட்டுக்காரர், அதாவது அடுத்த செயற்கைக்கோள், இரண்டு மூன்று டிகிரி தள்ளித்தான் இருப்பார். இதற்கு, டிஜிட்டல் ஒளிபரப்பைப் படிக்கும் பழைய யுஎஸ்பி டிவிபி ரிசீவர் ஒன்றைச் சேர்த்தேன். அது ஒளிபரப்பைப் பிடித்து லாக் ஆனதும் கூடவே வரும் நெட்வொர்க் அட்டவணையில் செயற்கைக்கோளின் இடம் எழுதியே இருக்கும், 19.2 டிகிரி என்றால் 0192, கூடவே கிழக்கா மேற்கா என்று ஒரு பிட். ஒரு அலைவரிசையில் இந்த எண் தப்பாக இருந்து ஒரு மணி நேரம் குழம்பினேன், இப்போது இரண்டு அலைவரிசையில் கேட்டு ஒத்துப்போனால்தான் ஏற்கிறேன். லாக் ஆக நேரம் பிடிப்பதால் வீசும்போது ரிசீவரைத் தொடுவதில்லை, முகடு கிடைத்தபிறகுதான் அதன் முறை.

மிச்சம் ஒன்றே ஒன்று, நட்டு இறுக்குவது. மோட்டார் கச்சிதமாக நிறுத்திய டிஷ், ஸ்பேனர் பட்டதும் 0.7 டிகிரி குனிந்தது. முதலில் எதிர்ப்பக்கம் அதே அளவு ஏற்றி வைத்துவிட்டு இறுக்கினேன், ஓரளவு சரி, ஆனால் ஒவ்வொரு டிஷ்ஷும் ஒவ்வொரு மாதிரி குனிகிறது. இப்போது மோட்டாரைக் கழற்றாமலே, இடது நட்டு கால் சுற்று, வலது நட்டு கால் சுற்று என்று மாறி மாறி இறுக்குகிறேன். ஒவ்வொரு காலுக்கும் பிறகு கருவி முதுகுச் சில்லின் கோணத்தைப் பார்த்துத் தள்ளிச் சரிசெய்கிறது. நட்டு பாதிக்கு மேல் இறுகியதும் மோட்டார் முனக ஆரம்பிக்கும், அங்கே நிறுத்திவிட்டு மீதியைக் கையால். நேற்று இப்படிச் செய்து கருவியைக் கழற்றியபோது சிக்னல் தரம் 0.2 டெசிபல்தான் இறங்கியிருந்தது. நிழல் பார்த்துக் கையால் திருப்பும் வேலை நீங்கலாக மொத்தம் 6 நிமிடம், அதில் இறுக்குவதே நாலு நிமிடம்.

எல்என்பியை அதன் கவ்விக்குள் சுழற்றும் கோணத்தை இன்னும் கையால்தான் வைக்கிறேன். மூன்றாவது மோட்டார் ஒன்று மேசையில் கிடக்கிறது, மாட்டுவதா வேண்டாமா என்று முடிவெடுக்கவில்லை. அதற்குமுன் மழை உறை தைக்க வேண்டும்.