பட்டா கேட்காத பதிவேடு

மணலியில் மழைநீர் வடிகால் பணிக்காகக் கணக்கெடுத்த நாட்கள் அவை. பள்ளம் தோண்டப்போகும் தெருக்களில் எந்தக் கடைக்கு எத்தனை நாள் வியாபாரம் கெடும் என்று குறித்துவருவது என் வேலை.

இட்லிக் கடை அம்மா ஒருவர் கேட்டார்: "இது யார் பணம், தம்பி?"

"மணிலாவில் இருக்கும் ஆசிய வளர்ச்சி வங்கியின் கடன், அம்மா."

"அவர்களுக்கு ஏது இவ்வளவு பணம்?"

1966இல் தொடங்கிய அந்த வங்கியில் இந்தியாவும் தொடக்க உறுப்பினர். உறுப்பு நாடுகள் தங்கள் பங்கில் சிறு பகுதியைத்தான் ரொக்கமாகக் கட்டுகின்றன. மீதியைத் தேவைப்பட்டால் தருவதாக உறுதியளிக்கின்றன. இத்தனை அரசுகள் பின்னால் நிற்பதால் வங்கியின் கடன்பத்திரங்களைச் சந்தை நம்பி வாங்குகிறது. குறைந்த வட்டிக்குத் திரட்டிய பணம் நீண்ட தவணையில் நாடுகளுக்குப் போகிறது. மிக ஏழை நாடுகளுக்கு மானியமும் உண்டு. நான் ஜாமீன் என்று சொன்னதுமே அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. மகளிர் குழுக் கடனில் மற்றவர்களுக்காகக் கையெழுத்துப் போட்டவர் அவர்.

"திருப்பிக் கட்டுவது யார்?" என்றார் உடனே. கடன் வாங்குவது மத்திய அரசு. மாநிலத் திட்டமென்றால் அந்தப் பொறுப்பு மாநிலத்துக்கு வரும். கடைசியில் நம் வரிப்பணம்தான் என்றேன்.

கொசஸ்தலை ஆற்றுப் படுகைத் திட்டத்துக்கான அந்தக் கடன் 25.1 கோடி டாலர். புதிய வடிகால் மட்டும் 588 கிலோமீட்டர். 2015 வெள்ளத்தில் தண்ணீர் நின்ற உயரத்தை அம்மா சுவரில் கைவைத்துக் காட்டினார். அடுப்பு அதற்கு வெகு கீழே இருந்தது.

அன்று மாலை பட்டியலில் அவர் பெயரை நான் சேர்க்கவில்லை. கடை இருப்பது புறம்போக்கில். பட்டா இல்லாதவருக்கு இழப்பீடு ஏது என்று நானே முடிவுகட்டிவிட்டேன். மூத்த அலுவலர் ஒருவர் பட்டியலைப் பார்த்துவிட்டு, வங்கியின் 2009ஆம் ஆண்டுப் பாதுகாப்புக் கொள்கையை என் முன் விரித்துவைத்தார். நில உரிமை இல்லாதவருக்கு நிலத்தின் விலை கிடைக்காது. ஆனால் கடைக்கும், கெட்டுப்போன வருமானத்துக்கும் ஈடு தர வேண்டும். "இதை விட்டால் கடன் ஒப்பந்தத்தையே மீறுகிறோம்" என்றார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது.

குறைந்த வட்டியைப் பற்றி நிதித்துறையினர் பேசட்டும். அந்தக் கடனோடு வந்த மிகப் பெரிய உதவி இந்த நிபந்தனைதான் என்று இன்றும் நம்புகிறேன். பட்டா இல்லாத ஒருவரைக் கணக்கில் எழுத அது எங்களைக் கட்டாயப்படுத்தியது.

மறுநாள் விடியற்காலையில் கடைக்குப் போய், தினம் எத்தனை இட்லி விற்கும் என்று கேட்டேன்.

"இருநூறு. ஞாயிற்றுக்கிழமை முந்நூறு."

ஞாயிறைத் தனி வரியில் எழுதிக்கொண்டேன்.