டெக் லீட் எடுக்கிறீர்களா, ஒரு புல் ரெக்வெஸ்ட்டைக் கொடுத்துப் பாருங்கள்

டெக் லீட், அதாவது புரோகிராமர் டீமை நடத்துபவர், அந்த வேலைக்கான இன்டர்வியூவில் பைனரி ட்ரீ, டைனமிக் புரோகிராமிங் என்று அல்காரிதம் புதிர்களைக் கேட்பதை நாங்கள் விட்டுவிட்டோம். பெங்களூரு அவுட்டர் ரிங் ரோடு பக்கம் எந்தக் கம்பெனிக்குப் போனாலும் இதே கேள்விகள்தான், வருகிறவர்களும் லீட்கோட் என்ற பயிற்சி வெப்சைட்டில் அதையே உருப்போட்டுவிட்டு வருகிறார்கள். அதில் தேறுவதற்கும், நாலு ஜூனியர்களை வைத்துக்கொண்டு ஒரு வெப்சைட்டை விழாமல் ஓட்டுவதற்கும் சம்பந்தமே இல்லை.

இப்போது ஒரு புல் ரெக்வெஸ்ட்டை (மெயின் கோடில் சேர்க்கும் முன் மற்றவர் பார்ப்பதற்காக அனுப்பும் கோடு மாற்றம்) கொடுத்து ரிவ்யூ பண்ணச் சொல்கிறோம். ஜூனியர் எழுதியது மாதிரி நாங்களே தயாரித்தது. ஆர்டர் பட்டியல் காட்டும் பக்கம். பட்டியலை ஒரு குவெரியில் (டேட்டாபேஸிடம் கேட்கும் ஒரு கேள்வி) எடுத்துவிட்டு, அப்புறம் லூப்புக்குள் ஒவ்வொரு ஆர்டருக்கும் வாடிக்கையாளர் பெயரைத் தனித்தனியாக டேட்டாபேஸில் போய்க் கேட்கும். 50 ஆர்டர் என்றால் 51 குவெரி, இதைத்தான் "என் பிளஸ் ஒன்" (N+1) என்பார்கள். மேலே ஒரு பேனர் படம், அதற்கு அகலமும் உயரமும் கொடுக்காததால் படம் வந்ததும் பக்கமே கீழே குதிக்கும். பக்கம் இப்படிக் குதிப்பதை அளக்க கூகுள் சொல்லும் சி.எல்.எஸ். அளவு 0.1-க்குள் இருக்க வேண்டும், இதில் இருக்காது. அந்த எண்ணை மனப்பாடமாகச் சொல்லத் தேவையில்லை, பக்கம் ஏன் குதிக்கிறது என்று தெரிந்தால் போதும்.

சிலர் மாறிகளின் பெயரிலேயே நேரத்தைக் கரைத்துவிடுவார்கள். லூப்பைக் கண்டுபிடிப்பவர்கள் நிறையப் பேர், ஆனால் அதை அந்த ஜூனியருக்கு எப்படி எழுதுகிறார்கள் என்பதைத்தான் நான் பார்ப்பேன். ஒருவர் "என் பிளஸ் ஒன், சரிசெய்யவும்" என்று போட்டுவிட்டு நகர்ந்துவிட்டார். ஓசூரிலிருந்து வந்த ஒரு பெண், "லோக்கலில் டேட்டா கம்மி, அதனால் உங்களுக்கு இது தெரிந்திருக்காது. குவெரி லாகைத் திறந்து வைத்துக்கொண்டு பக்கத்தை ஒருமுறை ரீஃப்ரெஷ் பண்ணிப் பாருங்க, அப்புறம் ஜாயின் போட்டு எல்லாவற்றையும் ஒரே குவெரியில் எடுப்பதைப் பற்றிப் பேசலாம்" என்று எழுதியிருந்தார். இவரிடம் வேலை பார்க்கும் பையன் அடுத்த முறை தானே லாகைத் திறந்து பார்ப்பான்.

இன்னொன்றும் கேட்போம்: வெள்ளிக்கிழமை சாயங்காலம் புதுக் கோடு டிப்ளாய் ஆனதும் பணம் கட்டும் செக்அவுட் பக்கம் விழுந்துவிட்டது, என்ன செய்வீர்கள்? முதலில் ரோல்பேக் (பழைய கோடுக்கே திரும்புவது), காரணம் அப்புறம் என்பவர் சரி. யார் மெர்ஜ் பண்ணியது என்று ஆரம்பிப்பவர் வேண்டாம்.

நம்ம ஊர்க்காரர் என்றால் பேச்சு சட்டென்று ஒட்டிக்கொள்ளும், அதனால் மதிப்பெண் போட்டு முடிக்கும்வரை நான் தமிழில் பேசுவதில்லை. டீமில் கன்னடக்காரர், மலையாளி, பீகார்க்காரர் எல்லாரும் இருக்கிறார்கள், வருகிற லீட் அவர்களுக்கும் லீட்தான்.

ஆள் கிடைத்தாலும் வேலை முடிவதில்லை. இங்கே பல கம்பெனிகளில் வேலையை விட நோட்டீஸ் 90 நாள்; அதற்குள் பழைய இடத்தில் சம்பளத்தை ஏற்றித் தருகிறோம் என்பார்கள், வேறு ஆஃபரும் வரும். எச்.ஆர். பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டுவிடாமல் வாரம் ஒருமுறை நீங்களே கூப்பிடுங்கள். ஓசூரிலிருந்து சில்க் போர்டு நெரிசலைத் தாண்டி பெல்லந்தூர் ஆபீஸுக்கு வாரத்தில் எத்தனை நாள் வர வேண்டும் என்பதை ஆஃபர் லெட்டரிலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள், சேர்ந்த பிறகு அதைப் பேச ஆரம்பித்தால் இரண்டு பக்கமும் கசந்துபோகும்.