கொரோனா விட்ட பிறகு வந்த மூச்சிரைப்பு

காய்ச்சல் விட்டு மூன்று நாள் ஆகியிருந்தது. நாக்கில் ருசிகூடத் திரும்பிவிட்டது. நோய் தொடங்கிய 11-ஆம் நாள் காலை குளித்துவிட்டு வந்து, தலை துவட்டக் கையைத் தூக்கினேன், மூச்சு வாங்கியது. வலப்பக்க விலாவில், மூச்சை உள்ளே இழுக்கும்போது மட்டும் சுருக்கென்று ஒரு குத்தல். உடம்பு இன்னும் தேறவில்லை போல என்று படுத்துவிட்டேன். ஒரு நாள் அப்படியே வீணாய்ப் போனது.

ஆக்சிமீட்டர் ஆக்சிஜன் அளவை 96 என்று காட்டியதால்தான் ஏமாந்தேன். பக்கத்திலேயே நாடித்துடிப்பு 118 என்றும் காட்டிக்கொண்டிருந்தது, அதை யார் பார்த்தது? மறுநாள் மனைவிதான், "கொஞ்சம் நடந்துட்டு வந்து வெச்சுப் பாருங்க" என்றாள். அறைக்குள்ளேயே நாலு சுற்று நடந்தேன். 89.

மருத்துவமனையில் முதலில் இசிஜி, அப்புறம் ரத்தம். டி-டைமர், அதாவது உறைந்த ரத்தம் கரையும்போது உண்டாகும் துணுக்கு, சாதாரணமாக 500-க்குள் இருக்கவேண்டுமாம். எனக்கு நாலாயிரத்தைத் தாண்டியிருந்தது. நான் பதறினேன். டாக்டர் பதறவில்லை. "கொரோனா வந்தாலே இது ஏறும். இதை வெச்சு ரத்தக்கட்டி இருக்குன்னு சொல்ல முடியாது, ஸ்கேன்ல பார்த்துடலாம்" என்றார். ரத்தக்குழாய் படத்தில் தெரிய ஏற்றும் மருந்தைச் சிறுநீரகம் தாங்குமா என்று ரத்தத்தில் கிரியேட்டினின் பார்த்த பிறகே சி.டி. அறைக்கு அனுப்பினார்கள். கையில் போட்டிருந்த ஊசி வழியாக அந்த மருந்து ஏறியதும் தொண்டையிலிருந்து அடிவயிறு வரை சூடு பரவியது. படுக்கையிலேயே சிறுநீர் போய்விட்டேனோ என்று கூசிப்போனேன். எல்லோருக்கும் அப்படித்தான் தோன்றுமாம். இதை முன்பே சொல்லியிருக்கலாம்!

வலது நுரையீரலின் கீழ்ப்பகுதிக்குப் போகும் ரத்தக்குழாயின் இரண்டு கிளைகளில் ரத்தக்கட்டி. வழக்கமாகக் காலில் உறைந்த ரத்தம்தான் பிய்த்துக்கொண்டு மேலே வரும் என்பதால் காலுக்கு டாப்ளர் என்ற ரத்த ஓட்ட ஸ்கேன் எடுத்தார்கள். அங்கே ஒன்றும் இல்லை. கொரோனாவில் ரத்தக்குழாயின் உட்சுவரே அழற்சியில் புண்பட்டு, நுரையீரலுக்குள்ளேயே ரத்தம் உறைவதும் உண்டு என்றார் டாக்டர். எக்கோ என்ற இதய ஸ்கேனில் இதயத்தின் வலப்பக்கம் சிரமப்படவில்லை என்று தெரிந்ததால், கட்டியைக் கரைக்கும் ஊசி வேண்டியிருக்கவில்லை. புதிதாக உறையாமல் தடுத்தால் போதும், இருப்பதை உடம்பே மெல்லக் கரைத்துக்கொள்ளும் என்றார்கள்.

அதற்கு எனாக்ஸபாரின் ஊசி, 12 மணி நேரத்துக்கு ஒருமுறை, தொப்புளுக்குச் சற்றுத் தள்ளி. சிஸ்டர் சதையைக் கிள்ளிப் பிடித்து நேராக இறக்குவார். முதல் ஊசி போட்டதும் பழக்கதோஷத்தில் தேய்க்கப் போனேன், கையைத் தட்டிவிட்டார். தேய்த்தால் ரத்தம் கன்றிப்போகுமாம். தேய்க்காமலே வயிறெல்லாம் நீலமும் மஞ்சளுமாக ஆனது வேறு விஷயம்.

வீட்டுக்கு வரும்போது, ஊசிக்குப் பதிலாக, ரத்தம் உறையாமல் தடுக்கும் அபிக்ஸபான் மாத்திரை. ஒரு வாரம் 10 மில்லிகிராம் இரண்டு வேளை, பிறகு 5. மூன்று மாதம். வேளை தவறக்கூடாது, கேட்காமல் வலி மாத்திரை எதையும் போடக்கூடாது, மலம் கறுப்பாகப் போனால் உடனே வரவேண்டும். பல் துலக்கும்போது ஈறில் ரத்தம் கசிந்தது. மென்மையான பிரஷ் வாங்கியதும் நின்றது. ராத்திரி எழுந்து உட்கார்ந்து மூச்சை எண்ணிப் பார்க்கும் பழக்கம்தான் லேசில் போகவில்லை.

மூன்றாம் மாதக் கடைசியில் ஆறு நிமிடம் நடக்கவிட்டுப் பார்த்தார்கள். 96. நாடித்துடிப்பையும் மறக்காமல் எட்டிப் பார்த்தேன்: 98. மாத்திரையை நிறுத்தச் சொன்னார் டாக்டர்.