பட்டுக்கோட்டைல அக்காவுக்கு லேப்டாப்பும் கரண்டு பேக்கப்பும் ரெடி பண்ணின அனுபவம்

எங்க அக்கா பட்டுக்கோட்டைல வீட்லேர்ந்தே கணக்கு பாக்குறாங்க. சின்னச் சின்ன கடைங்களுக்கு டேலிங்கற கணக்கு சாஃப்ட்வேர்ல என்ட்ரி போட்டு ஜிஎஸ்டி ரிட்டர்ன் ஃபைல் பண்ணிக் குடுக்குற வேலை. ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவரம்) மாசம் 11ம் தேதிக்குள்ள, 3பி (வரி கட்டுற சுருக்க ரிட்டர்ன்) 20ம் தேதிக்குள்ள போயாகணும், தவறினா ஒரு நாளைக்கு 50 ரூபா லேட் ஃபீ. காசு கடைக்காரரோடதா இருந்தாலும் பேச்சு வாங்கறது அக்காதான். இதுல ஈபிக்காரங்க மாசாந்திர பராமரிப்பு ஷட்டவுன் இந்த தேதிய ஒட்டி வந்துட்டா காலைல 9 மணிக்கு போற கரண்டு சாயங்காலம்தான் வரும், அன்னிக்கு முழுக்க வேலை படுத்துரும், ராத்திரி உக்காந்தா எல்லாரும் அந்த நேரத்துலதான் ஃபைல் பண்ணுவாங்க, போர்ட்டல் நகராது.

வீட்ல இருந்தது ஒரு பழைய டெஸ்க்டாப், 600 விஏ யூபிஎஸ். அந்த யூபிஎஸ்ஸுக்குள்ள இருக்கறது 12 வோல்ட் 7 ஏஹெச் பேட்டரி, பெருக்கிப் பாத்தா 84 வாட் ஹவர் (84 வாட் இழுக்கற சாமான ஒரு மணி நேரம் ஓட்டற அளவு), அதுவும் புதுசா இருக்கும்போது பேப்பர்ல. டெஸ்க்டாப்பும் மானிட்டரும் சேர்ந்து 100லேர்ந்து 150 வாட் இழுக்கும்போது அது சேவ் பண்ணி ஷட்டவுன் குடுக்கத்தான் காணும், வேலை பாக்க இல்ல.

மாமா இன்வெர்ட்டர் வாங்கிரலாம்னாங்க. எங்க ஊர்ப்பக்கம் யார்கிட்ட கேட்டாலும் அதத்தான் சொல்லுவாங்க, 2018 நவம்பர் 16ல கஜா அடிச்சு வாரக்கணக்குல இருட்டுல கெடந்த ஊரு, ஜெனரேட்டர் ஓடுற எடத்துல காசு குடுத்து போன் சார்ஜ் போட்டத யாரும் மறக்கல. 150 ஏஹெச் டியூபுலர் பேட்டரியோட ஒரு இன்வெர்ட்டர் செட்டுக்கு கடைல 24,000 ரூபா சொன்னாங்க. 12 வோல்ட் 150 ஏஹெச்னா 1800 வாட் ஹவர், ஆனா பேட்டரிய முழுசா காலி பண்ணக்கூடாது, பேட்டரி கரண்ட வீட்டு கரண்டா மாத்தும்போது கொஞ்சம் வேஸ்ட்டாகும், கைக்கு வர்றது ஒரு 1100, 1200தான். டெஸ்க்டாப்ப மட்டும் போட்டாலே எட்டு ஒம்பது மணி நேரத்துல தீந்துரும், ஃபேன், லைட் எல்லாம் சேந்தா அதுல பாதிதான். அதுக்கப்பறமும் கம்ப்யூட்டர் அதே பழைய கம்ப்யூட்டர்தான், விண்டோஸ் 10, அதுக்கு மைக்ரோசாஃப்ட் சப்போர்ட்ட 2025 அக்டோபர் 14ஓட நிறுத்தியாச்சு.

அங்கதான் நான் மாமாகிட்ட சொன்னேன், லேப்டாப்பையும் பேக்கப்பையும் தனித்தனி செலவா பாக்காதீங்க, லேப்டாப்தான் பேக்கப்பே. டேலியும் ரெண்டு மூணு க்ரோம் டேபும் தொறந்து வெச்சா லேப்டாப் இழுக்கறது 10, 12 வாட். டெஸ்க்டாப்புல பத்துல ஒரு பங்கு. வீட்டுக்கு ஃபேன் ஓட இன்வெர்ட்டர் வேணும்னா அது வேற கதை, அத்தைக்காக வாங்கணும்தான், ஆனா கம்ப்யூட்டருக்காக அவ்ளோ பெரிய பேட்டரி தேவையே இல்ல.

(ஏற்கனவே இன்வெர்ட்டர் வெச்சிருந்து கரண்டு போகும்போதெல்லாம் டெஸ்க்டாப் ரீஸ்டார்ட் ஆகுதுன்னா பின்னாடி ஒரு சுவிட்ச் இருக்கா பாருங்க, நெறைய மாடல்ல நார்மல் மோட், யூபிஎஸ் மோட்னு ரெண்டு இருக்கும். யூபிஎஸ் மோட்ல போட்டா மாறுற நேரம் குறையும், கம்ப்யூட்டர் அணையாது. ஃபிட் பண்ண வர்றவங்க இத சொல்றதே இல்ல. லேசர் பிரிண்டர மட்டும் இன்வெர்ட்டர்ல போடாதீங்க, சூடாகும்போது ஒரே இழுப்பா இழுத்து ஓவர்லோட் காட்டிரும்.)

சரி, லேப்டாப் எங்க வாங்கறது. புதுசு விலை இப்ப ஏறிக்கெடக்கு, ஏஐ சர்வருக்கு மெமரி போறதால 2025 கடைசிலேர்ந்து ரேம் விலை எக்கச்சக்கமா ஏறிருச்சு. அரசு லேப்டாப் திட்டம் படிக்கிற பசங்களுக்கு, வீட்ல உக்காந்து சம்பாதிக்கிற பொம்பளைங்களுக்கு அந்த மாதிரி ஒண்ணும் இல்ல. அக்கா கொழுந்தனார் ஸ்கூல்ல வாங்கின அம்மா லேப்டாப் பரண்ல கெடந்துச்சு, 2 ஜிபி ரேம், பேட்டரி செத்துருச்சு, அத வெச்சு இப்ப ஒண்ணும் பண்ண முடியாது. அதனால ரீஃபர்பிஷ்டுதான் (யூஸ் பண்ணினத சரி பண்ணி விக்கிறது)னு முடிவு பண்ணி சென்னைல எலக்ட்ரானிக்ஸ் கடைங்க இருக்கற ரிச்சி ஸ்ட்ரீட் போனேன்.

ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு கிளம்பறதுக்கு முன்னாடியே ஒண்ணு முடிவு பண்ணிக்கிட்டேன், இன்டெல் எட்டாவது ஜெனரேஷனுக்கு கீழ வாங்கக்கூடாது. விண்டோஸ் 11 அதுக்கு கீழ அஃபிஷியலா ஏறாது. இது தெரிஞ்சுதான் ஆறாவது ஏழாவது ஜெனரேஷன் மெஷினெல்லாம் 11,000, 12,000னு அடுக்கி வெச்சிருக்காங்க, "விண்டோஸ் 11 போட்டுத் தர்றோம் சார்"னு சொல்லவும் செய்றாங்க. போட முடியும், செக்கிங்க தாண்டி ஏத்த வழி இருக்கு, ஆனா நாளைக்கு அப்டேட் வருமான்னு உத்தரவாதம் கெடையாது. கடைக்காரங்களோட ஜிஎஸ்டி பாஸ்வேர்டு, பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாம் அக்கா கம்ப்யூட்டர்ல இருக்கு. அதுல அஞ்சாறாயிரம் மிச்சம் பிடிக்கறது சரியில்லன்னு நான் நெனைக்கிறேன், இத பத்தி யார் என்ன சொன்னாலும் என் கருத்து மாறாது.

எட்டாவது ஜெனரேஷன்ல டெல் லேட்டிட்யூட் 5490, எச்பி எலைட்புக் 840 ஜி5, லெனோவா திங்க்பேட் டி480 இந்த மூணும் நெறைய கெடைக்குது, கம்பெனிங்க லீஸ் முடிஞ்சு திருப்பிக் குடுத்த மெஷின். நான் டி480 தேடினதுக்கு காரணம் பேட்டரி. அதுல உள்ள ஒண்ணு 24 வாட் ஹவர், வெளிய கழட்டி மாட்டுற மாதிரி இன்னொண்ணு. வெளில இருக்கறதுதான் மொதல்ல தீரும், அது தீந்ததும் லேப்டாப்ப அணைக்காமலே கழட்டிட்டு வேற பேட்டரி மாட்டலாம், உள்ள இருக்கறது அதுவரைக்கும் தாங்கும். வெளி பேட்டரிய 72 வாட் ஹவர்லயும் வாங்கலாம். டைப்-சில சார்ஜ் ஏறும், ரேம் ரெண்டு ஸ்லாட், டிஎஸ்சி டோக்கன் (டிஜிட்டல் கையெழுத்து இருக்கற பென்டிரைவ் மாதிரி ஒண்ணு) சொருக சாதா யூஎஸ்பி போர்ட்டும் இருக்கு.

மொதல்ல போன கடைல "பேட்டரி கேரண்டி சார், ரெண்டு மணி நேரம் நிக்கும்"னார். கமாண்ட் ப்ராம்ப்ட் தொறந்து பவர்சிஎஃப்ஜி ஸ்லாஷ் பேட்டரிரிப்போர்ட்னு அடிச்சா ஒரு ஃபைல் வரும், அதுல டிசைன் கெப்பாசிட்டி எவ்ளோ, இப்ப ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி எவ்ளோன்னு ரெண்டு நம்பர் இருக்கும். உள் பேட்டரி 24,000 மில்லிவாட் ஹவர் இருக்க வேண்டிய எடத்துல 11,000 காட்டுது. அவர் கிட்ட சண்டை ஒண்ணும் போடல, நம்பர காட்டினேன், வேற பீஸ் இல்லன்னார், வந்துட்டேன். அதே தெருல ஒரு மாடிக் கடைல இருந்த பாய் தானாவே மூணு பீஸ் எடுத்து வெச்சு "நீங்களே ரிப்போர்ட் எடுத்துப் பாத்து நல்லத எடுத்துக்குங்க"ன்னார். உள் பேட்டரி 17,000 மில்லிவாட் ஹவர் காட்டினத எடுத்தேன்.

பேட்டரி தவிர இன்னும் பாத்தது: கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போட்டு எஸ்எஸ்டி ஹெல்த், நோட்பேட் தொறந்து ஒவ்வொரு கீயா அமுக்கி கீபோர்டு, வெள்ளை ஸ்கிரீன்ல புள்ளி ஏதும் தெரியுதா, கீல் ரெண்டு பக்கமும் ஒரே இறுக்கமா இருக்கா. பயாஸ் (விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடி இருக்கற செட்டிங்ஸ்) உள்ள போய் பாஸ்வேர்டு கேக்குதான்னு கண்டிப்பா பாத்துருங்க, கம்பெனி பாஸ்வேர்டு போட்டபடி வர்ற மெஷினும் உண்டு, கம்ப்யூட்ரேஸ்னு திருட்டுப் போனா கண்டுபிடிச்சு லாக் பண்ற ஒண்ணு ஆக்டிவேட் ஆகி இருந்தா அந்த மெஷின தொடவே வேணாம். பயாஸ்ல காட்டுற சீரியல் நம்பரும் அடில இருக்கற ஸ்டிக்கரும் ஒண்ணா இருக்கணும், அதே நம்பர் பில்லுலயும் வரணும். விண்டோஸ் ஒரிஜினலான்னு பாக்க எஸ்எல்எம்ஜிஆர் ஸ்லாஷ் எக்ஸ்பிஆர்னு அடிங்க, பெர்மனென்ட்லி ஆக்டிவேட்டட்னு வந்தா சரி, வால்யூம் ஆக்டிவேஷன் இந்த தேதில முடியும்னு வந்தா ஏதோ டூல் போட்டு ஓட்டிருக்காங்கன்னு அர்த்தம்.

8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி, ஆறு மாச வாரண்டி, ஜிஎஸ்டி பில்லோட 19,500 ரூபா. 72 வாட் ஹவர் வெளி பேட்டரி கம்பேட்டிபிள்தான், 3,800. ஒரிஜினல்னு சொல்லி விக்கிறத நம்ப முடியாது, அத்தன வருஷம் முன்னாடி செஞ்ச பேட்டரி சும்மா வெச்சிருந்தாலே சத்து போயிருக்கும். மெஷினோட வந்த சின்ன வெளி பேட்டரிய ஸ்பேரா வெச்சுக்கிட்டோம்.

அடுத்தது நெட். இதுலதான் நெறைய பேர் மாட்டிக்கிறாங்க. ரவுட்டருக்கு மினி யூபிஎஸ் ஒண்ணு வாங்கினேன், 1,400 ரூபா, ரவுட்டர் அடாப்டர்ல என்ன வோல்ட் போட்டிருக்கோ அதே வோல்ட் யூபிஎஸ்ஸுலயும் வரணும், சிலது 12, சிலது 9, ஆம்பியர் சமமாவோ கூடவோ இருக்கலாம். மாட்டி மெயின ஆஃப் பண்ணிப் பாத்தப்ப நெட் ஓடுச்சு. ஆனா தெருவுக்கே கரண்டு போன அன்னிக்கு வைஃபை இருக்கு, நெட் இல்ல. கேபிள் அண்ணன்கிட்ட கேட்டா "நாலு வீடு தள்ளி மாட்டிருக்க ஸ்விட்ச் பாக்ஸுக்கே கரண்டு இல்லம்மா"ன்னு அக்காகிட்ட சொல்லிட்டாரு. அவர் குடுத்திருந்தது லேன் ஒயர் கனெக்ஷன். வீட்டு வரைக்கும் ஃபைபர் வர்ற கனெக்ஷன்ல நடுவுல ஃபைபர பல வீட்டுக்கு பிரிச்சு விடற ஸ்ப்ளிட்டருக்கு கரண்டே வேணாம், அந்தப் பக்கம் அவங்க ஆபீஸ்ல பவர் இருந்தா நம்ம வீட்டு பாக்ஸுக்கு மட்டும் பவர் குடுத்தா போதும். அதனால ஃபைபருக்கு மாத்தினோம், மாச வாடகைல பெரிய வித்தியாசம் இல்ல. பேக்கப் வாங்கறதுக்கு முன்னாடி நெட்டுக்காரர்கிட்ட இந்த ஒரு கேள்விய கேட்டுருங்க, வீட்டு வரைக்கும் ஃபைபரா, நடுவுல கரண்டு வேணுமான்னு.

போன மாசம் ஷட்டவுன் 19ம் தேதி வந்துச்சு. திங்க்பேட்ல சார்ஜ் 80 சதவீதத்தோட நிக்கற மாதிரி செட் பண்ணிருந்தத மொத நாள் ராத்திரி எடுத்து விட்டு ஃபுல்லா ஏத்திக்கிட்டாங்க. காலைல 9 மணிக்கு கரண்டு போச்சு. மினி யூபிஎஸ் பெட்டில 8 மணி நேரம்னு போட்டிருந்தாலும் நெசத்துல மூணு மணி நேரத்த தாண்டி கொஞ்சம் நின்னுச்சு, அதுக்கப்பறம் போன் ஹாட்ஸ்பாட், அது கொஞ்சம் ஸ்லோதான் ஆனா ரிட்டர்ன் போக அது போதும். நாலே கால் மணிக்கு கரண்டு வந்தப்ப லேப்டாப் பேட்டரில இன்னும் சொச்சம் இருந்துச்சு. "எல்லாருக்கும் 3பி போட்டாச்சுடா தம்பி"ன்னு போன் பண்ணினாங்க.

மொத்த செலவு 24,700. இன்வெர்ட்டர் செட்டுக்கு சொன்ன காசுதான் கிட்டத்தட்ட, இதுல கம்ப்யூட்டரும் வந்துருச்சு. பழைய மானிட்டர் விஜிஏ, அதுக்கு எச்டிஎம்ஐ மாத்துற கன்வெர்ட்டர் ஒண்ணு வாங்கி லேப்டாப்போட இணைச்சுருக்கோம், கரண்டு இருக்கும்போது டேலி அந்தப் பக்கம், போர்ட்டல் இந்தப் பக்கம். அடுத்து ஒரு மினி யூபிஎஸ் கூட வாங்கி ரெண்டையும் மாத்தி மாத்தி போடலாமா, இல்ல பழைய 600 விஏ யூபிஎஸ்ஸுக்கு புது 7 ஏஹெச் பேட்டரி போட்டு ஃபைபர் பாக்ஸ அதுல விட்டுரலாமான்னு பேசிக்கிட்டு இருக்கோம். ரெண்டாவதுல அந்த யூபிஎஸ்ஸே தனக்குன்னு கொஞ்சம் கரண்ட தின்னும், அதனால எனக்கு மினி யூபிஎஸ்தான் சரின்னு படுது. யாராச்சும் பழைய யூபிஎஸ்ல ஃபைபர் பாக்ஸ் ஓட்டிப் பாத்திருந்தா எவ்ளோ நேரம் நிக்குதுன்னு சொல்லுங்க.