ஐந்தாவது கல்

"கல்லை எடுத்துடுங்க, ப்ளீஸ்" என்ற தொனியில்தான் சொன்னேன். குரலை உயர்த்தவில்லை. ஆனால் அந்த 'ப்ளீஸ்'தான் இன்னும் உறுத்துகிறது.

இங்கிலாந்தின் டார்ட்மூர் மேட்டுநிலத்தில், இறந்தவர்களுக்காகப் பழங்காலத்தில் கல் போட்டுக் குவித்த கற்குவைகளின் நிலையைப் படமெடுத்துப் பதிவுசெய்யும் ஒப்பந்த வேலை எனக்கு. மேலேறி வருகிறவர்கள் ஆளுக்கொரு கல் வைப்பார்கள். சிலர் காற்றுக்கு ஒதுங்க, குவையையே குழியாக்கி உட்காருவார்கள். அப்புறம் வெண்கலக் காலத்தவர் வைத்தது எது, போன வாரம் வந்தது எது என்று பிரிக்கவே முடியாது. பாதுகாக்கப்பட்ட சின்னத்தில் அனுமதியில்லாமல் எதையும் சேர்ப்பதுகூட 1979 தொல்சின்னச் சட்டப்படி குற்றம்.

இத்தனையையும், அன்று குவைமேல் கல் வைத்த ஒரு பெரியவரிடம் ஒப்பித்தேன். மனைவி இறந்த நாளில் வருஷத்துக்கு ஒரு கல்லாம். இது ஐந்தாவது.

அவர் கோபப்படவில்லை. "ஒயிட்ஹார்ஸ் குன்றில் நீங்கள் மொத்தத்தையும் அள்ளிக்கொண்டு போனீர்களே?" என்றார்.

2011-இல் அங்கே தோண்டியபோது நான் இல்லை. ஆனாலும் அந்த 'நீங்கள்' எனக்கும் சேர்த்துத்தான். சுமார் 600 மீட்டர் உயரத்தில், பீட் எனும் மக்கிய தாவர மண்ணுக்குள் இருந்த கற்பதுக்கை அது, கற்பலகைகளால் ஆன பெட்டிக் கல்லறை. எரித்த எலும்புகள், கரடித்தோல், 200 மணிகள், ஒரு கூடை. 3,600 ஆண்டுகளாக ஈரமண் காத்து வைத்திருந்தது. பீட் அரித்து, பக்கக் கல் சரிந்த பிறகுதான் திறந்தார்கள். விட்டிருந்தால் எல்லாம் காய்ந்து பொடிந்திருக்கும்.

"அது காப்பாற்ற எடுத்தது" என்றேன். சரியான பதில்தான். இன்றைக்குக் கேட்டாலும் அதையே சொல்வேன். ஆனால் இறந்தவருக்கு வயது 15-லிருந்து 25-க்குள் இருக்கும் என்கிறார்கள். யாரோ அழுதுகொண்டே குன்றேறி வைத்துவிட்டுப் போன பொருட்களை 2014-இல் பிளிமத் நகர அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைத்தோம். இவர் வைத்தது ஒரு கல்.

குவை என்பதே ஆளாளுக்குக் கல் சுமந்து வந்து போட்டதுதானே? எந்தக் கல்லோடு அது முடிந்தது? ஓரிடத்தில் கோடு போட வேண்டும், சரி. போடாவிட்டால் குவையே மிஞ்சாது. அந்தக் கோட்டை அன்றைக்கு, அவர் முகத்துக்கு நேராகவா போட வேண்டும்?

அவர் கல்லைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினார். ஒரு பக்கம் பை தொங்கியது.

முந்தைய நான்கு கற்கள் எவை என்று எனக்குத் தெரியும். சொரசொரப்பான கிரானைட்டுக்கு நடுவே வழவழப்பான ஆற்றுக் கற்கள். என் படத்திலேயே இருக்கின்றன. படிவத்தில் 'புதிய சேர்க்கை' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினேன்.