ஒரே மடிக்கணினியில் ஐந்து தளங்கள்

வேளச்சேரியில் வீட்டிலிருந்தபடி ஐந்து வாடிக்கையாளர்களின் தளங்களை ஒரே மடிக்கணினியில் உருவாக்கி வருகிறேன். ஒவ்வொரு தளமும் கணினியின் தனி வாயில் போன்ற ஒரு போர்ட்டில் இயங்கும்; 8001, 8002 என்று அந்தப் போர்ட் எண்களை நினைவில் வைத்திருப்பது அலுப்பு மட்டுமன்று. போர்ட் மாறினாலும் குக்கீகள் (உள்நுழைவை நினைவில் வைக்கப் பிரவுசர் சேமிக்கும் சிறு தரவுகள்) பிரிவதில்லை என்பதால், மயிலாப்பூர் நகைக்கடைத் தளத்தில் உள்நுழைந்தால் அடையாறு மருந்துக்கடைத் தளத்திலிருந்து வெளியேற்றப்பட்டுவிடுவேன்.

ஆகவே இன்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் மென்பொருளை, பிரவுசர்கள் இயல்பாக அணுகும் 80ஆம் போர்ட்டில் ரிவர்ஸ் பிராக்ஸியாக, அதாவது கோரிக்கைகளை வாங்கிப் பின்னாலிருக்கும் தளங்களுக்குக் கடத்தும் இடைத்தரகராக நிறுத்தி, ஒவ்வொரு தளத்துக்கும் டாட் டெஸ்ட் என முடியும் தனிப்பெயர் கொடுத்தேன். எந்தத் தளம் வேண்டும் என்று பிரவுசர் சொல்லி அனுப்பும் ஹோஸ்ட் ஹெட்டரிலுள்ள பெயரைப் பார்த்து, இன்ஜின்எக்ஸ் கோரிக்கையை உரிய போர்ட்டுக்கு அனுப்பிவிடும். டாட் டெஸ்ட் 1999இலேயே சோதனைக்கென ஒதுக்கப்பட்டது. டாட் டெவ் அப்படியன்று, எச்டிடிபிஎஸ் என்னும் மறையாக்க இணைப்பு இல்லாமல் பிரவுசர்கள் அதைத் திறக்க மறுக்கும். பெயர்களை முகவரிகளோடு இணைக்கும் ஹோஸ்ட்ஸ் கோப்பில், எல்லாப் பெயர்களையும் ஒருசேரக் குறிக்கும் நட்சத்திரக்குறி செல்லாது என்பதால், ஐந்து பெயர்களையும் இதே கணினியைக் குறிக்கும் 127.0.0.1க்கு எதிரே தனித்தனியே எழுதினேன்.

ஒரு மாலை முழுவதையும் விழுங்கியது வேறொன்று. உள்நுழைந்ததும் மருந்துக்கடைத் தளம் என்னை 8002 முகவரிக்கே திருப்பி அனுப்பியது. வழிகாட்டிகள் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டிய செய்தி இது: இன்ஜின்எக்ஸ் இயல்பாகவே, பிரவுசர் கேட்ட பெயரை விட்டுவிட்டு, தான் கோரிக்கையை அனுப்பும் இலக்கின் பெயரைத்தான் பின்னாலிருக்கும் சர்வருக்குக் கொடுக்கிறது. ஹோஸ்ட் ஹெட்டரை மாற்றாமல் அனுப்பும்படி அமைப்புக் கோப்பில் ஒரு வரி சேர்த்ததும், ஐந்து தளங்களும் தத்தம் பெயரிலேயே நின்றன.